உயில் கையெழுத்து

விடியலில் அப்பாவின் படுக்கைத் துணிகளை அலசிப் போட்டுவிட்டு வந்த அலுப்பு நாகஜோதிக்கு இன்னும் தீரவில்லை. தல்லாகுளத்தில் வக்கீல் தமிழ்மாறனின் எதிரே நாற்காலியில் சாய்ந்தபடியே கேட்டாள்.

“அப்பா உயில் எழுதணும்ங்கிறாரு சார். போன்லயே கையெழுத்துப் போட்டாச் செல்லுமா?”

“லோன், ஒப்பந்தம்னா செல்லும்மா. உயிலுக்குச் சட்டம் ஒத்துக்காது. பேனாவுல போடணும். ரெண்டு சாட்சி வேணும்.”

“மீறிப் போன்ல போட்டா?”

“உயிலே இல்லன்னு ஆயிரும். அவரு சம்பாதிச்ச சொத்து பிள்ளைக எல்லாருக்கும் சமமாப் போயிரும்.” வக்கீல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “தம்பிக திருப்பூர்ல உக்காந்துக்கிட்டாங்க. அம்புட்டுப் பாடும் நீதான படுற? பேனாவுலயே எழுதி வாங்கிரு. இல்லன்னா அவங்களும் பங்குக்கு வந்து நிப்பாங்க.”

“சரிங்க சார்.”

கீழக்குயில்குடி பஸ்ஸில் உட்கார இடமில்லை. நின்றுகொண்டே வந்து சேர்ந்தாள்.

கட்டிலில் அப்பா பேயாண்டி விழித்துக்கொண்டு காத்திருந்தார். “வந்துட்டியா ஆத்தா? வயலும் வீடும் தம்பிக ரெண்டு பேருக்கும்தான்னு எழுதியாச்சா? கட்டிக்குடுத்த பொம்பளப் பிள்ளைக்கு எதுக்குச் சொத்து? பேனாவக் குடு, போட்டுர்றேன்.”

நாகஜோதி அவர் வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துவிட்டாள். தலையணையைத் தூக்கி வைத்து, போனை எடுத்தாள்.

“கைதான் நடுங்குதே, பேனா எதுக்குப்பா? இப்பல்லாம் இதுலயே போட்டுரலாம்.”