அனுப்பாதே

கேட்டுக்கு வெளியே ஒப்பாரிச் சத்தம் கேட்டதும் மாரிசாமி அண்ணாச்சி கையில் இருந்த டீ கிளாஸ் நழுவிப் போச்சு.

பட்டாசுக் கம்பெனி முதலாளிக்கு அந்தச் சத்தம் என்னன்னு தெரியாதா? வேட்டியைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு ஓடினார். ஷெட்டெல்லாம் இருந்த இடத்தில்தான் இருக்கு. புகை இல்லை. வெடிச் சத்தமும் கேட்கலை.

ஆனா ஆமத்தூர் சனம், திருத்தங்கல் சனம் அம்புட்டும் கேட்டைப் பிடிச்சு உலுக்குது. ஒருத்தி தலையில் சீயக்காய் நுரை. ஒருத்தர் பாதிச் சவரத்தோட வந்திருக்கார்.

"எம் மகளைக் கண்ணுல காட்டுங்கய்யா!"

லோடு ஏத்திக்கிட்டிருந்த கோட்டைச்சாமி என்னமோ ஏதோன்னு வெளியே வந்தான். அவன் பெண்டாட்டி இருளம்மாள் அவனைத் தலையிலிருந்து கால்வரை தடவிப் பார்த்தாள்.

"ஏ, நான் நல்லாத்தான இருக்கேன்!"

முதுகில் ஓங்கி ஒண்ணு வச்சாள். "அப்ப எதுக்குய்யா அடிபட்டுக் கெடக்கேன்னு மெசேஜ் வந்துச்சு?"

அண்ணாச்சி அவள் போனை வாங்கிப் பார்த்தார். 'கம்பெனியில் விபத்து. கோட்டைச்சாமிக்குப் பலத்த காயம். உடனே வரவும்.'

அனுப்பினது அவர் கம்பெனி நம்பர்.

"எழில்!"

கம்ப்யூட்டர் பார்க்கிற எழில் ஆபீஸ் வாசலில் கம்பெனி போனோட நின்னாள். வெடிமருந்து ஷெட்டில் வேலை பார்க்கிற வேலுத்தாய் மகள். மருந்தைத் தொடாம சோறு தின்கிற முதல் ஆள் அந்த வீட்டில் அவள்தான்.

"என்னளா பண்ணித் தொலச்ச?"

"விபத்துன்னா வீட்டுக்குத் தகவல் போறதுக்கு ஏற்பாடு பண்ணச் சொன்னீகளே அண்ணாச்சி. எல்லார் வீட்டு நம்பரையும் என் விண்டோஸ் மெஷின்ல அடிச்சு, மொத்தமா உள்ரூம்ல மெசேஜ் அனுப்புற பழைய லினக்ஸ் மெஷின்ல ஏத்துனேன்."

"ஏத்துனா ஏறணும். எதுக்கு ஊரையே கூட்டுது?"

"என் நம்பருக்கு மட்டும் அனுப்பிப் பாக்கலாம்னு, மத்தவுக வரிக் கடைசியில எல்லாம் 'அனுப்பாதே'ன்னு போட்ருந்தேன். விண்டோஸ் ஒவ்வொரு வரி முடிவுலயும் கண்ணுக்குத் தெரியாத குறி ஒண்ணை வால் மாதிரி ஒட்டிவிடும். ஏத்தும்போது அதை வெட்டிவிடணும். நான் மறந்துட்டேன். லினக்ஸ் அந்த வாலையும் எழுத்துன்னு எடுத்துக்கிருச்சு. 'அனுப்பாதே'ங்கிறது அதுக்கு அடையாளம் தெரியல. எல்லாருக்கும் அனுப்பிருச்சு."

"ஆளுக்கு ஒரு நம்பருன்னாலும் இம்புட்டுக் கூட்டம் எப்படி வந்துச்சு?"

"அந்த மெஷின்ல ஒரு ஆளுக்கு ஒரே கட்டந்தான். அதுக்குள்ளயே புருசன், மாமியா, தம்பின்னு எத்தனை நம்பர் வேணும்னாலும் அடுக்கலாம். அம்புட்டுக்கும் போயிருச்சு."

அண்ணாச்சிக்குத் தலை சுத்திச்சு. திடீர்னு அவர் முகம் வெளிறிப் போச்சு.

"எம் பேரையும் ஏத்துனியா?"

"மொத வரியே நீங்கதான் அண்ணாச்சி."

"அய்யய்யோ! என் கட்டத்துல தருண் நம்பருல்ல இருக்கு!"

தருண்குமார் அவருக்கு ஒத்தை மகன். விருதுநகரில் தனியா கம்பெனி வச்சிருக்கான். காரில் வந்தா அரை மணி நேரம்.

"பதறி எங்கயாச்சும் வண்டியக் கொண்டுபோய் மோதிருவானே! போனப் போடு அவனுக்கு!"

"வேண்டாம் அண்ணாச்சி. சும்மா சோதனை, யாருக்கும் ஒண்ணுமில்லைன்னு எல்லாருக்கும் திருப்பி அனுப்பிட்டேன்."

"அதுக்கு முன்னால அவன் ஏதாச்சும் அனுப்பிருக்கானா, பாரு!"

எழில் கம்பெனி போனைப் பார்த்தாள். பார்த்துக்கிட்டே நின்னாள்.

"வாயத் திறந்து படியேன்!"

"அது... 'அப்பாவுக்கு என்ன ஆச்சு? நான் வாரதுக்குள்ள அவரை எங்கயும் தனியா விட்டுறாதீக. இந்தா கெளம்பிட்டேன்'னு போட்ருக்காக."

"அப்புறம்?"

"ரெண்டாவது மெசேஜ் பாத்துட்டு, பாதி வழியிலயே திரும்பிட்டாகளாம்."

அண்ணாச்சி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் கண்ணைத் துடைச்சார். கூட்டத்தைப் பார்த்து, "எம் பிள்ளையும் ஓடித்தான் வந்திருக்கான்"னார்.

பிறகு எழில் பக்கம் திரும்பினார். கண்ணெல்லாம் செக்கச் செவேல்னு இருந்துச்சு.

"ஊர் சனத்தைப் பதற வச்சதக்கூட மன்னிச்சிருவேன் புள்ள. எம் மகனை நடுரோட்டுல பதற வச்சிட்டியே! அவனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?"

"தப்புத்தான் அண்ணாச்சி."

"இனிமே கம்ப்யூட்டரத் தொடாத. வேலை வேணும்னா நாளையில இருந்து ஒங்கம்மாகூட மருந்து ஷெட்டுக்குப் போ."

கேட்டுப் பக்கம் நின்ன வேலுத்தாய் சேலைத் தலைப்பை வாயில் அமுக்கிக்கிட்டாள்.

எழில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில்தான் போன் இருந்துச்சு.

மேசையில் வைக்கிறதுக்கு முன்னால் தருண்குமார் அனுப்பினதை அழிக்கப் போனாள். கடைசியா ஒரு தடவை அது கண்ணில் பட்டுச்சு:

'அப்பாவுக்குப் பேச்சு மூச்சு இருக்கா? இருந்தா, இன்சூரன்ஸ் பேப்பர் எந்த பீரோவுலன்னு கேட்டு வைங்க. மீட்டிங் முடிஞ்சு வாரேன்.'