மத்தியான நீலாம்பரி

மட்ட மத்தியானத்தில், தெற்கு வீதி முனையில், ரெத்தினத்தின் நாயனத்திலிருந்து நீலாம்பரி கிளம்பியது.

தவுல் பக்கிரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. நீலாம்பரி தாலாட்டு ராகம். அர்த்தஜாமம் முடிந்து சுவாமியைப் பள்ளியறைக்கு அனுப்பும்போது வாசிக்கிறது. வைகாசி வெயில் மண்டையைப் பிளக்கிற நேரத்தில், வீதியுலாவின் நடுவில், எந்த நாயனக்காரனும் அதைத் தொடமாட்டான்.

"என்னண்ணே இது?" என்று பக்கிரி கண்ணாலேயே கேட்டார்.

ரெத்தினம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்வையெல்லாம் வளையல் கடை நஃபீசாவின் கையிலிருந்த தன் செல்போன் மேல்தான். அவள் திருவிழாக் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிவந்து, நாயனத்துக்கு நேராகப் போனை நீட்டிக்கொண்டு நின்றாள்.

போனின் அந்தப் பக்கம் தஞ்சாவூர் ஆஸ்பத்திரி. அங்கே ரெத்தினத்தின் மனைவி கமலவல்லி.

விடிகாலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவளை, மகள் அபிநயாதான் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போனாள். குடல்வால் வெடித்துவிட்டது, தஞ்சாவூரில் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று உள்ளூர் டாக்டர் அப்போதே சொல்லியிருந்தார்.

ரெத்தினம் கூடப் போக முடியவில்லை. அந்த ஊரில் கொடியேற்றத்தன்று நாயனக்காரருக்கும் காப்புக் கட்டுவார்கள். கட்டிக்கொண்டவர் கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. "காப்பை அவுத்து எறிஞ்சிட்டு வர்றேன்" என்று அவர் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்தான். கமலவல்லி விட்டால்தானே! அத்தனை வலியிலும், சாமி காரியத்தில் விளையாடாதீர்கள் என்று அதட்டினாள்.

அதட்டிய பிறகுதான் அவள் குரல் இறங்கியது. பாவம், கத்திக்கு அவள் பயப்படவில்லை. மயக்க ஊசிக்குத்தான் பயம். அவளுடைய சித்தி ஒருத்தி அப்படி ஊசி போட்டுத் தூங்கியவள் எழுந்திருக்கவே இல்லை.

"ஊசி போடறப்ப உங்க நீலாம்பரிய போன்ல வாசிங்க. நானாத் தூங்கிடுவேன். நானாத் தூங்குனா நானா எந்திரிச்சிடுவேங்க."

இது என்ன கணக்கோ, அவளுக்குத்தான் வெளிச்சம். ஆனால் ரெத்தினம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அபிநயா போன் செய்து, அம்மாவை உள்ளே அழைத்துப் போகப் போகிறார்கள் என்று சொன்ன நிமிஷமே, சூரியன் எங்கே நிற்கிறது, சுவாமி எங்கே நிற்கிறார் என்றெல்லாம் பார்க்காமல் நாயனத்தின் சீவாளியை வாயில் வைத்துவிட்டார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. தர்மகர்த்தா ராஜராஜன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னங்க ரெத்தினம், பட்டப்பகல்ல சாமியத் தூங்கப் போடுறீங்க? ஊருக்கு ஆகுமா இது?"

நஃபீசா அவரைப் பார்த்து ஒரு முறை முறைத்து, உதட்டில் விரலை வைத்தாள். ஊரையே அதட்டுகிற மனுஷன், வாயை மூடிக்கொண்டு நின்றுவிட்டார்.

ராகம் வாசிக்கும்போது சுவாமியைப் பார்த்துத் திரும்பி நிற்பது வழக்கம். இன்று ரெத்தினம் போனைப் பார்த்து நின்றார். சுவாமிக்கு முதுகுதான் தெரிந்தது.

அது அவரை உறுத்தாமல் இல்லை. சுவாமிக்குப் பாத்தியப்பட்டதை எடுத்துப் பெண்டாட்டிக்குக் கொடுக்கிறோமே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. தப்புத்தான் அப்பனே, தண்டனை உண்டென்றால் என்னோடு நிறுத்திக்கொள், அவளைத் தொட்டுவிடாதே என்று வேண்டிக்கொண்டே வாசித்தார். வாய்தான் சீவாளியில் இருந்தது, உயிரெல்லாம் தஞ்சாவூரில் இருந்தது.

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற மாதிரி ராகம் மெல்ல மெல்ல இறங்கியது. பல்லக்குத் தூக்கிகளின் தோள்கள் தாமாகவே ஆட ஆரம்பித்தன. பக்கிரி கண்ணைத் துடைத்துக்கொண்டார். பஞ்சுமிட்டாய்க்காரர்கூட மணி அடிப்பதை நிறுத்திவிட்டார்.

"போன் கட்டாயிடுச்சுண்ணே" என்று நஃபீசா சொன்ன பிறகுதான் ரெத்தினம் நாயனத்தை வாயிலிருந்து எடுத்தார்.

மிச்ச வீதிகளில் என்ன வாசித்தார் என்று அவருக்கே தெரியாது. சுவாமி திரும்பி வந்து மண்டபத்தில் இறங்கினார். மாலையில், சாயரட்சைக்கு மணி அடிக்கிற நேரத்தில் போன் வந்தது. எடுக்கவே கை வரவில்லை. பக்கிரிதான் பொத்தானை அமுக்கி அவர் காதில் வைத்தார்.

"அம்மா கண்ணு முழிச்சிட்டாங்கப்பா" என்று அபிநயா அழுதாள். ரெத்தினமும் தூணைப் பிடித்துக்கொண்டு, வெட்கமில்லாமல், ஓவென்று அழுதார்.

அவர் அடங்குகிற மட்டும் காத்திருந்துவிட்டு அவள் மெதுவாகச் சொன்னாள். "நீங்க ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அம்மாவ உள்ள கொண்டுபோய்க் கதவைச் சாத்திட்டாங்கப்பா. வெளியில நின்னு நான்தான் முழுசாக் கேட்டேன். உங்ககிட்ட அப்ப சொல்ல மனசு வரல."

ரெத்தினம் மெல்லத் திரும்பினார். மண்டபத்தில் மாலையும் கழுத்துமாகச் சுவாமி உட்கார்ந்திருந்தார். முதுகுக்குப் பின்னால் நின்றவர்தான் அத்தனையையும் கேட்டிருக்கிறார். ரெத்தினம் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்க்கக் கூச்சப்பட்டு, தலையைக் குனிந்துகொண்டார்.

அதற்குள் போன் கைமாறிவிட்டது. கமலவல்லியின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது.

"வாசிச்சீங்களா?"

"வாசிச்சேன்."

"ஒண்ணுமே கேக்கலீங்க. அதுக்குள்ள தூங்கிட்டேன் போலருக்கு."

ரெத்தினம் மேல்துண்டால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

"அதுக்குத்தானே வாசிச்சேன்" என்றார்.