சட்டையைக் கழற்றாத மாப்பிள்ளை

"பத்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்காக. எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்," என்றான் மெய்யநாதன்.

எதிரே சாலா நின்றாள். கொத்தமங்கலத்தில் பெண் பார்க்க வந்த வீடு. முகப்பில் இரண்டு வீட்டாரும் பேசிக்கொண்டிருக்க, உள்ளே இரண்டாங்கட்டு முற்றத்தில் இவர்கள் மட்டும்.

பெண் என்ன படிப்பு, எங்கே வேலை என்று ஆத்தா சொன்னதை அவன் காதிலேயே வாங்கவில்லை. போட்டோவையும் பார்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டதும் எழுந்து போகிறவளைப் பற்றித் தெரிந்து என்ன ஆகப்போகிறது? முன்பு இரண்டு பேர் அப்படித்தான் போனார்கள். ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணலாமாம். இந்த மனுஷனுக்கு ஒரு பொய்கூட வராது.

பதினாலு வயதில் பெண்பிள்ளைக்குப் போல மார்பு வளர்ந்ததைச் சொன்னான். கோயிலில் சட்டையைக் கழற்றியபோது பங்காளிப் பையன்கள் சிரித்தார்கள். அன்றோடு சாமி கும்பிடுவது வாசலோடு சரி. போன வருஷம்தான் துணிந்து டாக்டரிடம் போனான். பிறவியிலேயே ஒரு குரோமோசோம் கூடுதலாம். அதற்கு ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான். நான்கு மாதத்துக்கு முன் மதுரையில் ஆபரேஷனும் ஆகி, நெஞ்சு சரியாகிவிட்டது.

"ஆனா பிள்ளை பிறக்கிறது கஷ்டம்னுட்டாக. வேணாம்னா சொல்லிருங்க, தப்பா நெனைக்க மாட்டேன்."

பார்த்த நொடியே அவளைப் பிடித்துத் தொலைத்திருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல்.

சாலா அசையவில்லை. ஊசியை ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறானா என்று மட்டும் கேட்டாள். அவன் தலையாட்டினான்.

"பங்காளி வீட்டுப் பிள்ளையைத் தத்து கூட்டிக்கிறது நமக்கு என்ன புதுசா? என்னையப் பெத்த அப்பச்சியே அப்படிக் கூட்டியாந்த பிள்ளைதான்," என்றாள்.

அவனுக்குச் சுருக்கென்றது. "எம்மேல பாவப்பட்டுச் சொல்றீகளா?"

"பாவமா? ஜாதகத்தை உங்க வீட்டுக்கு அனுப்பச் சொன்னதே நான்தான். காரணத்தை வீட்டுல யாருக்கும் சொல்லலை."

"என்னைய எப்படித் தெரியும்?"

சாலா முதல்முறையாகச் சிரித்தாள்.

"ஆபரேஷனுக்கு உங்களுக்கு மயக்க மருந்து கொடுத்தது நான்தான். தொப்பியும் மாஸ்க்குமா இருந்தேன், அடையாளம் தெரியலை. மயக்கம் தெளியுறப்ப என் கையைப் பிடிச்சுக்கிட்டு, 'என்னையக் கட்டிக்க ஒருத்தி வருவாளா டாக்டர்?'னு கேட்டீக. அதுக்குப் பதில் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன்."