மாவு தூங்கட்டும்

தராசும் எடைக்கற்களுமாக ஒருவன் காலையிலேயே வாசலில் வந்து நின்றதைப் பார்த்ததும், தபிதாள் மைதா டப்பாவை முந்தானையால் மூடினாள். ரேஷன் காலம். கிறிஸ்துமஸ் கேக்குக்காகச் சிறுகச் சிறுகச் சேர்த்த மாவு அது. பதுக்கல் என்று எழுதிக்கொண்டு போய்விட்டால்?

"பயப்படாதீங்கம்மா. நான் சர்க்கார் ஆளு இல்ல. பேரு கோதண்டபாணி, சமையல்காரன்" என்றான் வந்தவன். "நீங்க கேக்குக்கு மாவு எதுல அளப்பீங்க?"

"டம்ளர்லதான். ஏன்?"

"ஒரு டம்ளர் எத்தினி அவுன்ஸ் நிக்குதுன்னு பாக்கணும். ஒரே ஒரு தபா அளந்து காட்டுங்க. மாவை அப்பிடியே திருப்பிக் குடுத்துடறேன்."

அவன் சட்டையில் பினாயில் வாடை. கண்ணில் கெஞ்சல். துரத்த மனம் வராமல், பித்தளை டம்ளரில் மாவை அள்ளினாள். இருந்த பதற்றத்தில் டம்ளரைத் தரையில் தட்டப் போனாள்.

"தட்டாதீங்கம்மா. மாவு தூங்கட்டும்."

தபிதாள் டம்ளரைத் தட்டாமல் நிறுத்தினாள்.

அது அவளுடைய வார்த்தை. மகன் சத்தியநாதனிடம் மட்டுமே சொன்னது. மாவு அளக்கும்போதெல்லாம் அவன் டம்ளரைத் தட்டுவான். "தட்டாதடா, மாவு தூங்கட்டும்" என்பாள். சிங்கப்பூர்ச் சண்டையில் அவன் இறந்துபோனதாகத் தந்தி வந்து மூன்று வருஷம் ஆகிறது. அதற்கப்புறம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவள் மாவு அள்ளும்போது, அதே வார்த்தை அவன் குரலில் முதுகுக்குப் பின்னால் கேட்கும். திரும்பினால் வெறும் சுவர்.

இன்று அது வேறொருவன் வாயிலிருந்து வந்திருக்கிறது.

"யாருய்யா நீ? உனக்கு யாரு சொன்னது இதை?"

அவன் மாவைத் தராசில் கொட்டினான். கற்களை மாற்றி மாற்றி வைத்தான். முள் நேராக நின்றது. "அஞ்சரை அவுன்ஸ்" என்று முணுமுணுத்தான். நம்பிக்கை வராமல் மறுபடி நிறுத்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"மலை மேல மணி அடிக்கிற ஊருன்னு மட்டும்தான் தெரியும்மா. சோளிங்கர்ல வீடு வீடா ஏறி எறங்கிட்டு, திருத்தணிக்கு வந்தேன். நிறுக்காம வாயத் தொறக்கக் கூடாதுன்னு இருந்தேன். தப்பான வீட்டுல சொல்லிட்டா பாவமாச்சே."

"என்னத்த சொல்ல வந்தே?"

"பட்டணத்துல, பட்டாளத்து ஆஸ்பத்திரியில சமைக்கிறேங்க. சண்டை முடிஞ்சு சிங்கப்பூர்லேர்ந்து வந்த கப்பல்ல, தலையில அடிபட்ட ஒருத்தரு வந்தாரு. பேரு, ஊரு எல்லாம் மறந்துபோச்சு. மலை மேல மணி அடிக்கும்ங்கறதும், 'தட்டாத, மாவு தூங்கட்டும்'ங்கறதும், டம்ளர் கணக்குல கேக்கு பக்குவமும் மட்டும் சொல்லிகினே இருப்பாரு. அது எந்த டம்ளருன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? டம்ளருக்கு நாலு அவுன்ஸ், அஞ்சு அவுன்ஸ்னு ஏத்தி ஏத்திச் செஞ்சு பாத்தேன். அஞ்சரை போட்டப்பதான் அவருக்குக் கண்ணு கலங்குச்சு. 'ஆங், இதான் பதம். ஆனா எங்கம்மா கை இல்ல'ன்னு தட்டைத் தள்ளிட்டாரு."

தபிதாள் சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டிலில், தன் பேர்கூடத் தெரியாமல், பெற்றவள் பக்கத்தில் இல்லாமல்... அங்கிருந்துதான் கூப்பிட்டுக்கொண்டே இருந்தானா?

"அப்போ எம்புள்ள... என் கையால ஒரு வாய் தின்னாமலே போயிட்டானா?"

கோதண்டபாணி திடுக்கிட்டு நிமிர்ந்தான்.

"அய்யோ, அடுப்ப மூட்டுங்கம்மா! சாயங்கால ரயிலைப் புடிச்சா இன்னிக்கே தின்னுவாரு."