பதினான்கு வயிறுகள்

"வாந்தி எத்தனை தடவை?"

"மூணு."

"பேதி?"

"நாலு. ஐயோ, வயிறு முறுக்குதுடி இன்ஸ்பெக்டர்!" வாயாடி கட்டிலில் சுருண்டு, போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் என்பது விடுதி வைத்த பெயர். பொதுச் சுகாதார முதுகலை படிக்கிற மற்றவர்கள் நோயை வகுப்போடு விட்டுவிடுவார்கள். இவள் விடமாட்டாள். மாடிப்படியில் யாராவது தும்மினால் போதும், நோட்டும் கையுமாக வந்து நிற்பாள்.

அப்பேர்ப்பட்ட இன்ஸ்பெக்டருக்கு இன்று மாலை ஐந்து மணிக்குள் ஒரு நோய் தேவைப்பட்டது.

சுகாதாரத் துறையில் நோய்ப் பரவலை விசாரிக்கும் வேலை ஒன்று காலியாக இருந்தது. விண்ணப்பிக்க எல்லாத் தகுதியும் அவளுக்கு இருந்தது, தானே நேரில் விசாரித்து எழுதிய அறிக்கை ஒன்றைத் தவிர. ஆறு மாதமாகக் காத்திருந்தாள். ஊரில் ஒருவருக்கும் ஒன்றும் வரவில்லை.

"ஊரே நல்லா இருக்கேன்னு மூக்கைச் சிந்துறவ உலகத்துலயே நீ ஒருத்திதான்" என்று போன வாரம்கூட வாயாடி கிண்டலடித்தாள். அந்த வாயாடியேதான் இன்று காலை, அக்கா வீட்டுக்குப் போயிருந்த இன்ஸ்பெக்டரைப் போனில் கூப்பிட்டாள். "ஓடி வா. மூணாவது மாடியில பதினாலு பேர் படுத்துட்டோம்."

வந்தவள் முதல் வேலையாக ஒரு குடம் உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கினாள். ஆளுக்கு இரண்டு டம்ளர், தன் கண் முன்னாலேயே குடிக்க வைத்தாள்.

"மூணாவதா? வேணாம்டி, செத்துடுவேன்" என்று அலறினாள் பக்கத்துக் கட்டில் தூங்குமூஞ்சி.

"குடிக்கலைன்னாத்தான் ஆபத்து. நேத்து மதியம் விடுதி விருந்துல என்ன சாப்பிட்டே?"

"பழக்கலவை. எல்லாருமே சாப்பிட்டோம். அதை வெட்டினதும் நாங்கதான், சமையல்காரர் மேல பழி போட்டுடாதே. எனக்குக் காலையில ஆறு மணிக்கு ஆரம்பிச்சுது. காய்ச்சல் இல்லை, மலத்துல ரத்தம் இல்லை."

"நான் இன்னும் அதைக் கேக்கவே இல்லையே?"

"கேப்பேல்ல?" என்று கண்ணை மூடிக்கொண்டாள் தூங்குமூஞ்சி.

நோய் தொடங்கிய நேரத்தைக் குறித்தாள்: காலை ஐந்து மணிக்கு இரண்டு பேர், ஆறு மணிக்கு ஐந்து, ஏழுக்கு நான்கு, எட்டுக்கு இரண்டு, ஒன்பதுக்கு ஒருத்தி. கட்டம் போட்ட தாளில் நிரப்பியபோது நோய்ப் பரவலுக்குப் பாடப் புத்தகத்தில் வருகிற குன்று வடிவம் அப்படியே எழுந்து நின்றது. அவளுக்குச் சந்தோஷம் பொங்கியது. தோழிகள் துடிக்கும்போது இப்படிச் சந்தோஷப்படுகிறோமே என்று உடனே வெட்கமாகவும் இருந்தது.

"படம் அழகா வந்திருக்கா?" போர்வைக்குள்ளிருந்து வாயாடி கேட்டாள்.

"நீ பேசாம படு."

பேராசிரியைக்கு போன் செய்தாள்.

"தண்ணியைச் சோதனைக்கு எடுத்தியா?" என்றார் அவர்.

"இன்னும் இல்லை மேடம்."

"எடுத்துட்டு எழுது. விசாரிச்சு ஒண்ணுமே இல்லைன்னு தெரிஞ்சாலும் அதுவும் அறிக்கைதான். இல்லாததை மட்டும் எழுதிடாதே."

கழுவிய பாட்டிலோடு மொட்டைமாடிக்கு ஏறினாள். துப்புரவு வேலை பார்க்கிற அக்கா, தொட்டிக்குப் பக்கத்தில் துடைப்பத்தோடு நின்றிருந்தார்.

"அக்கா, இது மூணாவது மாடித் தொட்டிதானே? பாவம், இன்னிக்கு உங்களுக்கு வேலையில பெண்டு நிமிர்ந்திருக்கும்."

"எதுக்கும்மா?" அக்கா மூடியைத் தூக்கிக் காட்டினார். "நேத்து சாயங்காலம் ரொப்பினது. தினம் இந்நேரத்துக்கு அடி தெரியும். இன்னிக்குப் பாரு, முக்கால் தொட்டி அப்படியே நிக்குது. குளிக்கக்கூட ஒரு பிள்ளையும் எழுந்து வரலை."

இன்ஸ்பெக்டர் பாட்டிலை மூடினாள். பதினான்கு பேர். தலைக்கு நாலு தடவை என்றாலும் ஐம்பத்தாறு. மனக்கணக்கு போட்டபடியே மூன்றாவது மாடிக்கு இறங்கி வந்தாள்.

"வாயாடி, எழுந்து உட்கார்."

"முடியலைடி..."

"நாலு தடவை போனவ எந்தத் தண்ணியை ஊத்திட்டு வந்தே? தொட்டி நிறைஞ்சு நிக்குது."

தூங்குமூஞ்சிதான் முதலில் போர்வையை விலக்கினாள். "நான் அப்பவே சொன்னேன், குழாயைக் கொஞ்சம் திறந்து விடலாம்னு. தண்ணி வீணாகும்னு இவதான் தடுத்துட்டா."

வாயாடி எழுந்து உட்கார்ந்தாள். "இன்னிக்குத்தானே உனக்குக் கடைசி நாள்? ஊருக்கு ஒண்ணும் வரலை. சரி, நமக்காவது வரட்டுமேன்னுதான்..." என்றாள்.

இன்ஸ்பெக்டருக்குத் திட்டத்தான் வாய் வந்தது. அதற்குள் அழுகை முந்திக்கொண்டது. அழுது முடித்து, முகம் கழுவி, குன்றுப் படம் வரைந்த தாளைக் கிழித்துப் போட்டாள். புது அறிக்கையை எழுதி அனுப்பியபோது ஐந்து மணிக்கு இரண்டு நிமிடம் இருந்தது.

அடுத்த வாரம் நேர்முகத் தேர்வில் அதிகாரி அந்த அறிக்கையின் கடைசி இரண்டு வரிகளை வாய்விட்டுப் படித்தார், சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், "எப்பம்மா வேலையில சேர்றே?" என்றார்.

அவள் எழுதியிருந்தது இதுதான்: 'நோயுற்றவர்கள்: ஒருவருமில்லை. பதினான்கு பேருக்கும் ஒரே நாளில் பரவக் காரணம்: விசாரித்தவள்.'