தானாக விழித்துக்கொள்ளும் மடிக்கணினி

எவ்வளவு வேலை முடிந்தது என்று காட்டும் கோடு திரையில் நகர ஆரம்பித்ததும் வெளியே இடி இடித்தது.

மடிக்கணினியை ரிப்பேருக்குக் கொண்டுவந்திருந்த ருவான் ஐயா ஓடிப்போய் சுவரிலிருந்த பிளக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டார். அவர் பிடித்திருந்தால் தைப்பே முழுவதற்கும் கரண்ட் நிற்காது என்று நினைப்பு. கையை எடுங்கள், ஷாக் அடித்தால் உங்களை ரிப்பேர் பார்க்க எனக்குத் தெரியாது என்றேன். எடுக்கவில்லை.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. மடிக்கணினியின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது. அந்த மாடலுக்கு வேறு பேட்டரி கிடைக்கவில்லை. என் கடை யூபிஎஸ்ஸும் போன வாரம்தான் காலை வாரிவிட்டது.

சுவிட்சைப் போட்டதும் முதலில் கண் விழிப்பது பயாஸ். அதை அழித்துவிட்டுப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தேன். நடுவில் கரண்ட் போனால் இந்தக் கணினி இனி எழவே எழாது என்று முன்பே சொல்லியிருந்தேன். நாளை செய்யலாமே என்றும் சொன்னேன். மனைவி தங்கை வீட்டுக்குப் போயிருக்கிறாள், சாயங்காலம் திரும்புவதற்குள் இது மேசையில் இருக்க வேண்டும் என்றார்.

வேலையும் லேசில் வழிக்கு வரவில்லை. பயாஸை எழுதத் தயாரித்த கம்பெனி இரண்டே வழி கொடுத்திருந்தது. விண்டோஸில் ஓட்டு, இல்லையென்றால் அந்தக் காலத்து பிளாப்பித் தட்டில் போடு. அவர் மகள் யுன்-சிங் வாங்கிய அன்றே விண்டோஸைத் துடைத்துவிட்டு லினக்ஸ் போட்டவள். பிளாப்பிக்கு இந்த மெஷினில் வாயே கிடையாது.

பிளாப்பியில் இருக்க வேண்டியதை ஒரு யூஎஸ்பி குச்சியில் ஏற்றி, விண்டோஸுக்கு முந்தைய டாஸ் ஒன்றையும் கூடவே வைத்து, இதுதான் பிளாப்பி என்று மெஷினை நம்பவைத்தேன். நம்பிவிட்டது.

யுன்-சிங் போன வருஷம் ஸ்கூட்டர் விபத்தில் போய்ச் சேர்ந்துவிட்டாள். அதற்கப்புறம்தான் பயாஸில் இருந்த ஏதோ கோளாறால் இந்தக் கணினி தானாக விழிக்க ஆரம்பித்தது. ஒருநாள் ராத்திரி இரண்டு மணிக்கு, ஒருநாள் விடியும் முன்பு. சில நாள் கிடையாது.

வெறுமனே விழித்தால் பரவாயில்லை. குறும்புக்காரப் பெண், கணினி எழும்போது ஒலிக்கும் இசையை எடுத்துவிட்டுத் தன் குரலைப் பதிந்து வைத்திருந்தாள்.

"அம்மா, நான் வந்துட்டேன்."

காலையில் நான் நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் மேசையிலேயே அப்படி விழித்தது. யாரும் தொடவில்லை. எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் என் வாய் தானாக "வா" என்று சொல்லிவிட்டது. நூடுல்ஸை மூடி வைத்துவிட்டேன்.

நம்பிக்கை இல்லாத எனக்கே இந்தக் கதி என்றால் பெற்றவளுக்கு?

மகள் எப்போது வருவாள் என்று தெரியாததால் அந்த அம்மாள் இரவெல்லாம் அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறாளாம். சர்க்கரைவள்ளிக்கிழங்குக் கஞ்சியை ஆறவிடாமல் சூடுபண்ணிக்கொண்டே இருக்கிறாளாம். குரல் கேட்டதும் ஒரு கிண்ணம் கொண்டுபோய் திரைக்கு முன்னால் வைத்து, சாப்பிட்டியா என்று கேட்பாளாம். இப்படியே தூங்காமல் இருந்தால் இவளும் போய்விடுவாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

போதாக்குறைக்கு இது சீனப் பஞ்சாங்கத்தில் ஏழாம் மாதம். ஆவிகளுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கும் மாதத்தில் அந்த அம்மாளிடம் போய் இது மெஷின் கோளாறு என்று யார் சொல்வது?

என் கடையில் எல்லா மெஷின் மேலும் ஒரு பச்சை நொறுக்குப் பொட்டலம் இருக்கும். அதன் பெயருக்கே சமர்த்தாக இரு என்று அர்த்தம்; வைத்தால் மெஷின் மக்கர் பண்ணாது என்று நம்பிக்கை. இந்த ஊரில் ஆஸ்பத்திரி மெஷின்களுக்குக்கூட வைப்பார்கள். இந்தக் கணினிக்கும் ஒன்று வைக்கப் போனேன். ருவான் ஐயா வேண்டாம் என்று தள்ளிவிட்டார்.

வீட்டில் அவரும் வைத்துப் பார்த்தவர்தானாம். மகள் உயிரோடு இருந்தவரைக்கும் சமர்த்தாக இரு, சமர்த்தாக இரு என்று சொன்னது போதாதா என்று கேட்டுப் பொட்டலத்தை வீசிவிட்டாளாம் மனைவி.

கடை விளக்கு மங்கியது. பக்கத்துக் கடையில் யாரோ கத்தினார்கள். ருவான் ஐயா கண்ணை மூடிக்கொண்டார். விளக்கு மறுபடி பிரகாசமானது, கோடு நகர்ந்துகொண்டுதான் இருந்தது.

முடிந்தது. கணினி அணைந்து, எழுந்து, வந்துட்டேன் என்றது.

இனி தானாக விழிக்காது ஐயா, நிம்மதியாகப் போங்கள் என்றேன். அவர் போகவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எந்த நேரத்துக்கு எழ வேண்டும் என்று குறித்து வைக்க இதில் ஓர் இடம் இருக்கிறதாமே, அது எங்கே என்று கேட்டார்.

அப்போதுதான் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று எனக்கு உறைத்தது.

"ராத்திரி வேண்டாம்மா. காலையில ஏழு மணிக்கு வரட்டும். அதுவரைக்கும் அவ தூங்குவா."

தினமும் ஏழு மணிக்கா என்றேன்.

"மொதல்ல தினமும். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். அப்புறம் வாரத்துல ஒருநாள்."

எந்தப் பட்டனை அழுத்தினால் உள்ளே போகலாம், எங்கே நேரத்தை மாற்றலாம் என்று நான் சொல்லச் சொல்லத் தானே செய்து பார்த்தார். ஆங்கிலம் தெரியாததால் எழுத்தின் வடிவத்தை விரலால் தொட்டு மனப்பாடம் செய்தார்.

கிளம்பும்முன் இன்னொன்று கேட்டார். இதை மொத்தமாக நிறுத்துவது எப்படி என்று.

காட்டினேன்.

அதை மட்டும் அவர் செய்து பார்க்கவில்லை.