சாரத்தில் படித்தது

பரீட்சைக்காரம்மா பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.

பதினைந்து நிமிட வாய்மொழித் தேர்வு. நான்கு நிமிடம்தான் ஆகியிருந்தது.

சீக்கிரம் முடிந்தால் நல்ல மார்க் என்று அவள் நினைத்துக்கொண்டாள். ஆபரேஷன் தியேட்டரிலிருந்து டாக்டர் சீக்கிரம் வெளியே வந்தாலும் நல்ல சேதி என்றுதான் நினைத்திருப்பாள்.

கோடை முழுக்க இத்தாலி மொழி படிக்கவே கடல் தாண்டி வந்திருந்தாள். இதில் தேறினால் இதே கல்லூரியில் மூன்று வருடம் கட்டடக்கலை, செலவெல்லாம் அவர்களுடையது. தேறாவிட்டால் அடுத்த சனிக்கிழமை விமானம். ஊரில் அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். மகள் தேறியே விட்டாள் என்று அம்மா வேலை நடக்கும் இடங்களிலெல்லாம் சொல்லி முடித்திருந்தாள்.

மடியில் பாடப்புத்தகம் இருந்தது. அட்டை இன்னும் மடங்கவில்லை.

பரீட்சைக்காரம்மா ஆங்கிலத்துக்கு மாறினார்.

"கடகடன்னு நல்லாத்தாம்மா பேசுற. ஆனா அது எங்க மொழி இல்ல. யாரு உனக்குச் சொல்லிக்குடுத்தது?"

அவள் பெருமையாக ஜன்னலைக் காட்டினாள்.

குறுகலான தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு பழைய கட்டடம். அதைச் சுற்றிச் சாரம். சாரத்தின் பலகையில் ஒருவர் சுவர் பூசிக்கொண்டிருந்தார்.

வகுப்பில் மற்றவர்கள் ஓவியம் பற்றியும் சங்கீதம் பற்றியும் பேசினார்கள். அவளுக்கு இரண்டும் தமிழிலேயே தெரியாது. முதல் இரண்டு வாரம் கேட்டதற்கெல்லாம் சிரித்துத் தலையாட்டிச் சமாளித்தாள். மூன்றாவது வாரம் வகுப்புக்கு மட்டம் போட்டுவிட்டு இந்தச் சாரத்தின் அடியில் வந்து நின்றாள்.

கலவைச் சட்டியையும் கரண்டியையும் மட்டப்பலகையையும் பார்த்த பிறகுதான் வாய் திறந்தது. போனில் தேடி ஒரு சொல்லைச் சொன்னாள். பூச்சுக்காரர் அதையே நாலாக்கித் திருப்பிச் சொன்னார். பிறகு தினமும் அங்கேதான். ஒரே மாதத்தில் இரண்டு பேரும் மூச்சு விடாமல் பேசினார்கள். மொழியை வேலை செய்கிறவர்களிடம்தான் படிக்க வேண்டும், வாத்தியார்களிடம் என்ன இருக்கிறது என்று பக்கத்து அறைப் பெண்ணுக்கு உபதேசம் வேறு.

அவருடைய சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு இருக்கும். பேச்சுக்கு நடுவே எடுத்து எதையோ குறித்துக்கொள்வார். சுவரின் அளவு என்று அவளே முடிவு செய்தாள். கொத்தனார் பெண்ணுக்கு இதைக்கூட யாராவது சொல்ல வேண்டுமா?

அவளை அவர் டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். கிண்டல் பிடித்த மனிதர்.

ஒருநாள் ஊருக்கு வீடியோ கால் போட்டு, அவரிடம் பேசியும் காட்டினாள். அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்பா மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமையுமா பூசுறாரு மனுசன்? பாவம்."

பேச்சைக் கேளுங்கப்பா என்றால் பூச்சைப் பார்க்கிறாரே என்று அவளுக்கு எரிச்சல்.

இப்போது பரீட்சைக்காரம்மா எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார். பூச்சுக்காரரைக் கூப்பிட்டு, நிறுத்தி நிதானமாக இத்தாலி மொழியில் எதையோ கேட்டார்.

அவர் தொப்பியைக் கழற்றினார். சிரித்தார். தலையாட்டினார்.

பரீட்சைக்காரம்மா மறுபடியும் கேட்டார். மறுபடியும் சிரிப்பு. இந்தத் தடவை தலையாட்டல் கொஞ்சம் கூடுதல்.

அது யாருடைய தலையாட்டல் என்று அவளுக்குத் தெரியும். இரண்டு வாரம் வகுப்பில் அவள் ஆட்டிய அதே தலையாட்டல்.

எந்த ஊர்ச் சாரத்தில் அந்த ஊர்க்காரர் நின்றிருக்கிறார்? அவள் அப்பாவே முப்பது வருடமாக அடுத்த ஊர்க்காரர்களின் சுவரைத்தான் பூசுகிறார். சொந்த ஊரில் பூசியது ஒரே ஒரு வீடு, அதுவும் பாதிதான். உலகத்தில் வேறு யார் ஏமாந்திருந்தாலும் மன்னிக்கலாம்.

பரீட்சைக்காரம்மா திரும்பி வந்து, தாளில் எழுத வேண்டியதை எழுதினார். சின்ன எண்தான். தலைகீழாகப் பார்த்தும் பெரிதாகவில்லை.

அப்போதுதான் பூச்சுக்காரர் அவளைப் பார்த்துவிட்டார். முகம் மலர்ந்தது. பலகையின் ஓரத்துக்கே வந்து, அவர்கள் இருவரும் பேசும் அந்த மொழியில் கடகடவென்று பேசினார். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்தது.

"டீச்சர், பாஸ்தானே? எனக்குச் செவ்வாக்கிழம மொழிப் பரீட்ச. அதுல தேறலைன்னா இங்க இருக்க விடமாட்டாங்க. நீங்க சொன்னது ஒண்ணு விடல, பாருங்க."

நோட்டைப் பிரித்துக் காட்டினார். காற்றில் பக்கங்கள் படபடத்தன. எங்கும் ஒரு எண்கூட இல்லை. பென்சிலில், வரிவரியாக, அவள் சொன்ன சொற்கள்.

"என்னம்மா சொல்றாரு?" என்று கேட்டார் பரீட்சைக்காரம்மா.

இன்று வெள்ளிக்கிழமை. செவ்வாய்க்கு எத்தனை நாள் என்று அவள் விரலை மடக்கிப் பார்த்தாள். பிறகு புத்தகத்தை எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள். தெருவைத் தாண்டுவதற்குள் அட்டையை நன்றாக மடக்கி, முதல் பாடத்தை எடுத்து வைத்தாள்.